வட்டப்பாறைக்கு ஓர் அண்ணன்

மே 4, ஞாயிறு

நாவல் மரம் இன்னும் பூக்கவில்லை. மதியம் முழுக்க ஊரே தூங்கியது. நாய், கோழி, நான், என் மகள் சுமி எல்லோரும் ஒரே நிழலில். கனவில் தேனீக் கூட்டம் பறக்கும் சத்தம் கேட்டது. விழித்துப் பார்த்தால் சுமியின் குறட்டை.

ரெஜினா மேடம் சொல்லித்தான் இந்த நோட்டைத் தொடங்கினேன். பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிற என்னைப் போன்றவள் தினமும் நாலு வரி எழுதாவிட்டால் கையெழுத்து கோணிப் போகுமாம். என் கையெழுத்து நேராகத்தான் இருக்கிறது, நான்தான் கோணல் என்பார் என் வீட்டுக்காரர். வீட்டில் நாங்கள் பேசுவது எங்கள் பாஷை. அதற்கு எழுத்து கிடையாது. அதனால் யார் என்ன பேசினாலும் சந்தையில் பேசுகிற தமிழில் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் தும்பிப்பதிக்கு ஒரு பக்கம் புலிகள் காப்பகத்தின் பலகை, மறுபக்கம் யாரோ ஒரு முதலாளியின் வாழைத் தோப்பு. நடுவில் கிடைத்த இடத்தில் நாங்கள் இருக்கிறோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தேன்பாறை உண்டு. எங்களுடையது வட்டப்பாறை. சாயங்காலம் என் வீட்டுக்காரர் நஞ்சன் அதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அடை கட்டியிருக்குது. ஆனா வெறும் மெழுகுதான். பூவே இல்லாம ஈ பாவம் என்னத்தக் கொண்டாரும்?" என்றார். இந்த வருஷம் தேன் தள்ளிப் போகும். ஆனி அமாவாசை ஆகிவிடும்.

என் தம்பி சபரி கயிற்றை வெயிலில் காயப் போட்டிருக்கிறான். மேலே அவன் பிடிக்க, இவர் கீழே தொங்கித் தேன் எடுப்பார். தேன் எடுக்கிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் முறை. சொந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. அவன் பங்காளி, பாறைக்கே பங்கு கேட்பான். மச்சான் மட்டும்தான், கூடப்பிறந்தவள் தாலி அறுத்துவிட்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல், உள்ளங்கை உரிந்தாலும் விடமாட்டான். எனக்கு இருப்பது ஒரே தம்பி. ஆக என் தாலி அவன் கையில். அவனோ காயப் போட்ட கயிற்றின் மேலேயே படுத்துக்கொண்டு புத்தகம் படிக்கிறான்.

மே 8, வியாழன்

சபரி பாஸ்!

எங்கள் பதியில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். போனுக்கு உயிர் வருவது ஓடைமேட்டுப் பாறையில் மட்டும்தான். காலையில் பாதி ஊர் அங்கே ஏறி நின்றது. அவன் நம்பரைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். நான்தான் பார்த்துச் சொன்னேன். மார்க்கை நான் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் முதலில் ஃபெயில் என்று நினைத்து அவன் முகம் செத்துவிட்டது. அப்புறம் ஒரு குத்து விட்டேன், புரிந்துகொண்டான்.

ரெஜினா மேடம் லட்டோடு ஜீப்பில் வந்தார். எங்கள் தேன் கொட்டகையும் மாலை வகுப்பும் அவருடைய அறக்கட்டளை நடத்துவது. கொட்டகையில் தேன் வடிகட்டுகிற பெண்கள் தலையில் மாட்டுகிற பிளாஸ்டிக் குல்லாவைக் கழற்றி மேலே வீசினார்கள். எல்லாம் மரத்தில் சிக்கிக்கொண்டது.

"தாவரவியல் எடுக்கட்டும் மாசாணி. கோயம்புத்தூர்ல அரசுக் கல்லூரி, பக்கத்துலயே விடுதி. நான் கூட்டிட்டுப் போய்ச் சேர்த்துவிடறேன்" என்றார் மேடம்.

நஞ்சன் லட்டில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைச் சுமியிடம் கொடுத்தார். "நல்லதுதான்" என்றார். பிறகு விறகு பிளக்கப் போனார். வீட்டில் விறகு ஏற்கெனவே மலையாகக் கிடக்கிறது.

சாயங்காலம் மருதன் ஒரு பலாப்பழம் கொண்டுவந்தார். என் அத்தை மகன். வனத்துறை செக்போஸ்டில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கிறார். வேலிவரை வந்து, சபரியைக் கூப்பிட்டுப் பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார். எங்கள் வாசலை அவர் மிதித்து எவ்வளவோ காலமாகிறது. நஞ்சனும் அவரும் எதிரெதிரே வந்தால் இருவருமே காட்டைப் பார்ப்பார்கள். காட்டில் அப்படி என்ன இருக்கிறதோ. எனக்கென்ன.

மே 9, வெள்ளி

லட்டுக்கு எறும்பு.

மே 15, வியாழன்

மேடம் இன்று மலையேறுகிறவர்கள் போடுகிற பெல்ட்டும் கயிறும் கொண்டுவந்தார். கூடவே ஒரு பையன், தாடி வைத்தவன், எல்லாவற்றையும் போட்டுக் காட்டினான். ஊர்ப் புளியமரத்தில் நஞ்சனைக் கட்டித் தொங்கவிட்டார்கள். தொட்டில் பிள்ளை மாதிரி காலை ஆட்டிக்கொண்டு சுகமாகத் தொங்கினார். அவரைப் பார்த்து எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. ஊர் மூப்பன் கூட ஒரு முறை தொங்கிவிட்டு, இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தார்.

"மேல ஒரு பூட்டு இருக்கு பாருங்க நஞ்சன். யார் பிடிச்சாலும் அது இறுக்கிக்கும். இனிமே சபரியே இருக்கணும்னு இல்லை" என்றார் மேடம்.

"பெல்ட்டு நல்லாத்தான் இருக்குதுங். போட்டுக்கறேன். ஆனா மேல யாருங்?"

"யாரா இருந்தா என்ன? பூட்டு பிடிச்சுக்குமே."

"பூட்டுக்கு அக்கா தங்கச்சி இருக்குதுங்களா?"

மேடம் சிரித்தார். பிறகு கயிற்றைச் சுருட்டினார். "சரி. பெல்ட்டும் இருக்கட்டும், மச்சானும் இருக்கட்டும்" என்றார். எனக்கு அவரிடம் பிடித்ததே இதுதான். ஒன்றைக் கொண்டுவந்தால் இன்னொன்றைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டார்.

மே 20, செவ்வாய்

நாவல் பூத்துவிட்டது.

காடு முழுக்க ஒரு மெல்லிய இரைச்சல். காதை மூடினாலும் கேட்கிறது, சோறு தின்னும்போதும் கேட்கிறது. வாசலில் வைத்த தண்ணீர்க் குடத்தின் மேல் பூந்தாது மஞ்சளாகப் படிந்திருக்கிறது. யார் முகத்தைப் பார்த்தாலும் அரைத் தூக்கத்தில் இருக்கிற மாதிரி தெரிகிறது. தேன் கொட்டகையில் சீசாவுக்கு லேபிள் ஒட்டினேன், எல்லாமே சாய்வாக ஒட்டியிருந்தது. பக்கத்திலிருந்தவள் சொல்கிறவரை எனக்குத் தெரியவில்லை.

மதியத் தூக்கத்தில் ஒரு கனவு. பனியில் யாரோடோ நெல்லிக்காய் பொறுக்கப் போகிறேன். அவர் முன்னே போகிறார், நான் பின்னே. பேச்சில்லை, சும்மா நடக்கிறோம். வழி முடியவே இல்லை, முடிய வேண்டும் என்றும் தோன்றவில்லை. முகம் தெரியவில்லை. பின்கழுத்து மட்டும்தான் தெரிந்தது. என் வீட்டுக்காரராகத்தான் இருக்கும்.

மே 27, செவ்வாய்

ஓடைமேட்டுப் பாறையில் சபரியின் போன் கத்தியது. இடம் கிடைத்துவிட்டது. ஜூன் 16 திங்கட்கிழமை கல்லூரியில் இருக்க வேண்டும். அன்றைக்கு வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

தேனோ அமாவாசையை ஒட்டித்தான் முற்றும். அமாவாசை வருவது அந்த 16க்கு ஒன்பது நாள் கழித்து.

ராத்திரிச் சாப்பாட்டில் சபரிதான் ஆரம்பித்தான். "நா போகல. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"போடா போக்கத்தவனே" என்றார் நஞ்சன். "நா மரத்துல கட்டீட்டு எறங்கிக்கறேன். என்னமோ இவன் இல்லாட்டி மலையே நின்னு போயிரும்ங்கற மாதிரி."

"அதுக்குத்தான் போகலைங்கறேன் மாமா. நா போனா நீங்க மரத்துல கட்டீட்டு எறங்குவீங்க."

நஞ்சன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பதியில் அப்படி மரத்தை நம்பி இறங்கினவரின் சாவுக்கு நாங்கள் எல்லோரும் போய்விட்டு வந்தோம். மரத்துக்குக் கயிறு பாறையில் தேய்வது தெரியாது. இழுக்கவும் தெரியாது.

இந்தப் பருவம் இறங்காமல் விட்டால் என்ன என்று கேட்கலாம். ஒரு பருவம் ஆள் இறங்காத பாறையை வேறு குடும்பம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதுவும் முறைதான். வட்டப்பாறை போனால் எங்கள் பிழைப்பு போயிற்று, சபரிக்கு விடுதிக்கு அனுப்பவும் ஒன்றும் இருக்காது. அடுத்த வருஷம் போகலாம் என்றால், அடுத்த வருஷம் என்று சொன்னவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியும். பத்தாவது முடித்ததும் நானும் அதைத்தான் சொன்னேன்.

எனக்கு இரண்டும் வேண்டும். தம்பி போக வேண்டும், புருஷன் உயிரோடு திரும்ப வேண்டும். பேராசைக்காரி என்றால் இருந்துவிட்டுப் போகிறேன்.

மே 30, வெள்ளி

இரண்டு நாள் யோசித்து ஒரு யோசனை கண்டுபிடித்தேன். "தாலி அறுபடக் கூடாதுன்னுதான மச்சான் புடிக்கிறாரு? அந்தத் தாலியே என்ற கழுத்துலதான கெடக்குது. பொம்பள பாறைக்கு ஏறக் கூடாதுன்னாலும் பரவால்ல, நானே புடிக்கறேன்" என்றேன்.

நஞ்சன் சிரித்துவிட்டு, "வா, பாத்துப் போடலாம்" என்று புளியமரத்துக்குக் கூட்டிப்போனார். கிளையில் கயிற்றைப் போட்டு அவர் ஒரு நுனியில் தொங்கினார், நான் மறுநுனியைப் பிடித்தேன். அவர் கீழே வந்தார். நான் மேலே போனேன். போகிற வழியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கை எரிச்சலுக்கு எண்ணெய் போடும்போது சிரிப்பு போய்விட்டது. பயம் வந்தது.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. காலையில் வேன் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனது. சாயங்காலம் என் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு உறவுமுறைப் பாடம். அம்மாவின் அண்ணன் யார், அப்பாவின் அக்கா யார் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். "டீச்சர், உங்க அம்மாவோட அண்ணன் பேரு என்ன?" என்று ஒருத்தி திருப்பிக் கேட்டாள்.

"சடையன் மாமா" என்றேன். சொன்னதும்தான் உறைத்தது. என் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்களே கிடையாது. சடையன் மாமா வேறு குலம். என் அப்பாவின் கயிற்றை அவர்தான் கடைசிவரை பிடித்தார், எனக்குக் காது குத்தியதும் அவர் மடியில்தான். அவர் அம்மா கட்டின அண்ணன்.

எங்களில் அது உண்டு. கூடப்பிறப்பு கட்டுவது என்போம். ஆற்றங்கரைக் கல்லுக்கு முன்னால், ஒரே கையில் ஊற்றின தேன் தண்ணீரை இரண்டு பேரும் குடித்தால் அதற்கு மேல் அவர்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இப்போதெல்லாம் யாரும் செய்வதில்லை, தேவை வரவில்லை.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒவ்வொரு ஆளாக நினைத்துப் பார்த்தேன். ஒரு பருவத்தில் ஒரு ஆள் ஒரு கயிறுதான் பிடிக்கலாம். எல்லோருக்கும் அக்காவோ தங்கையோ இருக்கிறாள், பாறை இருக்கிறது. கை காலியாக, பாறையும் பழகினவராக, எங்கள் பதியில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம்.

மருதன்.

ஆனால் அவர் என் அத்தை மகன். முறை மாப்பிள்ளையை யாராவது அண்ணனாகக் கட்டுவார்களா? கட்டினால் கட்டினதுதான், சாகும்வரை மாறாது. அப்புறம் அவர் என் குலத்தில் எந்தப் பெண்ணையும் கட்ட முடியாது. அதில் என்ன நஷ்டம், அவர்தான் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லையே. ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று என்னைக் கேட்டால்? நான் என்னத்தைக் கண்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. ராகி திரித்தேன். திரித்ததையே மறுபடி திரித்தேன்.

ஜூன் 5, வியாழன்

செக்போஸ்டுக்குப் போனேன்.

சின்ன வயதில் எனக்கும் மருதனுக்கும் என்றுதான் பேச்சு. அப்புறம் ஒரு கன்றுக்குட்டி யாருடையது என்பதில் என் அப்பாவுக்கும் அத்தைக்கும் சண்டை. போக்குவரத்து நின்றது. நஞ்சன் வீட்டிலிருந்து கேட்டு வந்தார்கள், என்னைக் கொடுத்தார்கள். அந்தக் கன்றுக்குட்டி அடுத்த மழையிலேயே செத்துப்போனது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நஞ்சன் மாதிரி ஆள் கிடைக்காது. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மூடுபனி இறங்கி ரோடு பாதியில் மறைந்திருந்தது. மருதன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்ன புள்ள, யானை கீனை வந்திருச்சா?"

"யானை வந்தாத்தான் நா வரோணுமா மச்சான்?"

ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் நின்றுகொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் தடுப்புக் கம்பத்தின் கயிற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். கம்பம் ஏறி ஏறி இறங்கியது. வண்டி ஒன்றும் வரவில்லை.

"வேற ஆளே கெடைக்கலியா?"

"கெடைக்கல."

"நல்லாத் தேடுனியா?"

"தேடீட்டுத்தான் வந்தேன்."

"என்னைய அண்ணன்னு கூப்புடுவியா?"

"கூப்புட்டுத்தான ஆகோணும்."

"நீ கூப்புட்டுருவ. நானும் தங்கச்சின்னு கூப்புடோணுமே. அதத்தான் பாக்கறேன்" என்றார். சிரித்த மாதிரிதான் இருந்தது. பனியில் சரியாகத் தெரியவில்லை.

ஒரு பால் வண்டி வந்தது. கம்பத்தைத் தூக்கினார், நம்பரை எழுதினார், இறக்கினார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார். "சபரி போகோணும். போனாத்தான் பின்னால வர்ற பசங்களுக்கும் வழி தெரியும். உன்ற ஊட்டுக்காரர்கிட்டக் கேளு. அவரு சரின்னா எனக்குச் சரி."

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பார்த்திருந்தால் அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரா என்று தெரிந்திருக்கும். தெரிய வேண்டாம்.

ஜூன் 7, சனி

நஞ்சனிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. வேலி கட்டிக்கொண்டிருந்தார். நான் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னேன். கை நிற்கவில்லை, கட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் கட்டி முடித்து இந்தப் பக்கம் வந்தார்.

"அவன் கையில நா தொங்கோணும்."

"ஆமா மாமா."

"அந்த உசரத்துல."

"ஆமா."

ஒரு முள்ளை வளைத்துச் சொருகினார். எனக்குப் பயமாக இருந்தது. எதற்குப் பயந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்றும் இருந்தது, சரி என்று சொல்லிவிடுவாரோ என்றும் இருந்தது.

"அவன் விடமாட்டான்" என்றார் நஞ்சன். "விடறவனா இருந்தா எப்பவோ விட்டிருப்பான்."

அவ்வளவுதான். அடுத்த முள்ளுக்குக் கை நீட்டினார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், இந்த ஆளுக்கு என்னவெல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

பௌர்ணமி. ஆற்றங்கரைக் கல்லுக்கு முன்னால் கூடப்பிறப்பு கட்டியாயிற்று.

மருதன் டவுனுக்குப் போய் எனக்கு ஒரு புடவை வாங்கி வந்திருந்தார். பச்சை. அண்ணன் கொடுக்கிற முதல் புடவை. கடையில் ஒரு பெண் எடுத்துக் கொடுத்ததாகச் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். மூப்பன் போன வருஷத் தேனில் ஆற்றுத் தண்ணீர் கலந்து என் உள்ளங்கையில் ஊற்றினார். பாதியை நான் குடித்தேன். கையை நீட்டினேன், அவர் குனிந்து மீதியைக் குடித்தார். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. அவருடைய மூச்சு சூடாக இருந்தது. அதோடு முடிந்தது.

இனி பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, தங்கச்சி என்று கூப்பிடு என்றார் மூப்பன். மருதன் வாயைத் திறந்தார், மூடினார். சுமியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "வாடி மருமவளே" என்றார். எல்லோரும் சிரித்ததில் மற்றது மறந்துபோயிற்று. எனக்கு மறக்கவில்லை.

"மொறை மாப்பிள்ளைய அண்ணனாக்குன மவராசி ஊர்லயே இவ ஒருத்திதான்" என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். "உனக்கொரு அண்ணன் வேணும்னா சொல்லு, உன்ற புருசனையே அண்ணனாக் கட்டித் தாரேன்" என்றேன். அவள் கூட்டத்துக்குள் நழுவினாள்.

வீட்டுக்கு வந்து புடவையை மடித்து வைத்தேன். மனசு கனத்தது. அப்பா செத்த அன்றைக்கு இப்படி இருந்தது. யாரும் சாகவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

சபரி போய்விட்டான். மேடம் ஜீப் காலையிலேயே வந்துவிட்டது. ஒரு பை, ஒரு பக்கெட், ஒரு தலையணை. பக்கெட்டுக்குள் தலையணை. ஜீப்பில் ஏறினவன் இறங்கி வந்து என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனான்.

"அக்கா, எனக்காகவா இதெல்லாம்?"

"உனக்காகத்தான். ஒழுங்காப் படி."

"நீ நல்லா இருக்கியா?"

"எனக்கென்னடா. அண்ணன், தம்பி, புருசன் எல்லாம் இருக்குது. உனக்குத்தான் பக்கெட்டுக்கு மூடி இல்ல."

அவன் சிரிக்கவில்லை. ஜீப் வளைவில் திரும்புகிறவரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவன் உள்ளங்கையில் கயிறு பிடித்துக் காய்த்த காய்ப்பு இருக்கிறது. போகப் போக மறைந்துவிடும். மறையட்டும்.

ஜூன் 21, சனி

மருதன் லீவு போட்டுவிட்டார். நஞ்சனும் அவரும் தினமும் புளியமரத்தில் பழகுகிறார்கள். பெல்ட், பூட்டு, பழைய கயிறு எல்லாம் சேர்த்துத்தான். ஒருவரோடு ஒருவர் பேசுவதுதான் இல்லை. நடுவில் சுமியை நிற்க வைத்திருக்கிறார்கள்.

"சுமி, உங்கப்பன்கிட்டச் சொல்லு, இடுப்புப் பட்டைய எறுக்கச் சொல்லி."

"சுமி, உன்ற மாமன்கிட்டச் சொல்லு, எறுக்கியாச்சுன்னு."

அவள் இங்கும் அங்கும் ஓடி ஓடிச் சொல்கிறாள். இரண்டு பேரும் பத்தடி தூரத்தில்தான் நிற்கிறார்கள். தேன் எடுக்கிறவன் பெண்டாட்டி பக்கத்தில் படுக்கக் கூடாது என்பதால் நஞ்சன் தேன் கொட்டகையில் படுக்கிறார். நான் இரவெல்லாம் தேனீயின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன். தூக்கமா விழிப்பா என்று தெரிவதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

விடிவதற்குள் போனார்கள். பெண்கள் பாறைக்கு ஏறக் கூடாது. நானும் மற்ற பெண்களும் ஓடைக்கு இந்தப் பக்கம் பானைகளோடு உட்கார்ந்திருந்தோம். மூடுபனி. வட்டப்பாறை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. புகைப்பந்தத்தின் வாசனை மட்டும் வந்தது. பிறகு தேனீக்கள் கிளம்பின சத்தம். ஒரு மலையே முனகுகிற மாதிரி இருந்தது.

கீழே தொங்குகிறவன் ஒவ்வொரு அடி இறங்குமுன்னும் "மச்சான்" என்று கூவ வேண்டும். மேலே கயிறு பிடிக்கிறவன் "மச்சான்" என்று பதில் கூவ வேண்டும். பதில் வந்தால்தான் கீழே கால் நகரும். பனியிலும் புகையிலும் ஆளுக்கு ஆள் தெரியாது, குரல் ஒன்றுதான் சாட்சி. சுமியை அங்கே கூட்டிப்போக முடியாது. நடுவில் நின்று யாரும் சொல்ல முடியாது.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. நான் பானையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். கூப்பிடுங்கள், கூப்பிட்டுவிடுங்கள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"மச்சா...ன்!"

நஞ்சன்தான். பாறைக்கு நடுவிலிருந்து வந்தது. அப்புறம் மறுபடி ஒன்றும் இல்லை. மேலே அவர் நிற்கிறார், கேட்டிருப்பார், கேட்காமல் இருக்க முடியாது. என் பக்கத்திலிருந்தவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சா...ன்!"

மேலேயிருந்து வந்தது. குரல் உடைந்திருந்தது, ஆனால் வந்துவிட்டது. கீழே கல் ஒன்று உருண்டது. நஞ்சன் கால் வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டார். இந்த முறை பதில் உடனே வந்தது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. காலை முழுக்க அந்த ஒரே சொல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷம் பேசாததையெல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே பேசித் தீர்க்கிற மாதிரி இருந்தது. வெயில் ஏறும்போது எது யார் குரல் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

பனி விலகினபோது இருவரும் ஓடையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். நஞ்சனின் முகம் ஒரு பக்கம் வீங்கி, கண் ஒன்று மூடியிருந்தது. தேனீ கொட்டாத பக்கத்து வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். "இன்னொரு அடை இருந்துச்சு, வேண்டாம்னுட்டான் மச்சான்" என்று என்னிடம் புகார் சொன்னார். "நாளைக்கும் நாள் இருக்குதுல்ல மச்சான்" என்றார் மருதன். சுமி இல்லாமலே பேசினார்கள்.

முதல் அடையில் முதல் துண்டைக் கயிறு பிடித்தவன் தன் கூடப்பிறந்தவளுக்குக் கொடுக்க வேண்டும். மருதன் தேக்கிலையில் அதை வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளங்கை இரண்டும் உரிந்து சிவந்திருந்தன. அந்த நெடிய பாறையில் ஒரு இடத்தில் கயிறு நழுவியிருக்கிறது. அவர் விடவில்லை.

"இந்தா, தங்கச்சி" என்றார்.

எல்லோர் முன்னாலும், சத்தமாக, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"குடுங்கண்ணா" என்றேன்.

சொல்லிவிட்டேன். அவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை. அந்தச் சொல் போனதும் எனக்குள் வெகுகாலமாக இருந்த ஒன்றும் அதோடு போயிற்று. புருஷன் உயிரோடு நிற்கிறார், தம்பி கல்லூரியில் இருக்கிறான், நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. தேனைக் கையில் வைத்துக்கொண்டு ஓடைக்கரையில் உட்கார்ந்து அழுதேன். நஞ்சன் ஏன் என்று கேட்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை.